குகைக்கு நூறு படி கீழே

தையல்நாயகிக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. அதில் புருஷனோடு சேர்ந்து ஊர் சுற்றிப் பார்க்கப் போனாள் என்று சொல்ல ஒரு நாள்கூடக் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் இருவருக்கும் ஒரே வரிசைப் பாத்தியில்தான் வேலை. தட்சணாமூர்த்தி உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவார். அவள் கூடையில் அள்ளிச் சுமந்து மேட்டில் கொட்டுவாள். காலை நாலு மணியிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

அதனால்தான், காணும் பொங்கலுக்கு வேன் போகிறது, வௌவால் பாறைக் குகையையும் அதற்கு மேலே இருக்கும் கோட்டையையும் காட்டிக் கூட்டி வருகிறார்கள் என்று மேரிசெல்வி வந்து சொன்னதும், யாரையும் கேட்காமல் இரண்டு பேர் பெயரைக் கொடுத்துவிட்டாள். மேரிசெல்வி அவளோடு கூடை தூக்குகிறவள். கூட்டிப் போகிறவன் கிளியனூர்ப் பையன், சித்தார்த்தன். பையன் என்று சொல்வதே தவிர முப்பது வயது இருக்கும். சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, புதுச்சேரிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைச் செஞ்சிக்கும் சுற்றுவட்டாரக் குகைகளுக்கும் அழைத்துப்போவது அவன் தொழில். வருடத்தில் ஒரு நாள், காணும் பொங்கலன்று மட்டும், உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு வேன் எடுப்பான். "பிரான்ஸ்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போறாங்கக்கா. இங்க இருக்கிற நாம பாத்ததில்ல" என்பான்.

தட்சணாமூர்த்திக்கு அதில் இஷ்டமில்லை. சேற்றில் நின்று நின்று அவருக்கு முட்டி இரண்டும் போய்விட்டிருந்தது. சமதரையில் நடப்பார். படி என்றால் பயம்.

"கல்லையும் கொகையையும் பாத்து இன்னா ஆவப் போவுது" என்றார் காலையில், பல் விளக்கிக்கொண்டே.

"சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் என்னைக் கூட்டிட்டுப் போவியா? ஒரு நாளு எங்கூட வந்தா கொறஞ்சா பூடுவ?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பொங்கலுக்கு எடுத்த வேட்டியையே மறுபடி கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேனுக்கு அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

பதினாறு பேர். பெருமுக்கல் தாண்டி ஏரிக்கரையோரமாக உள்ளே திரும்பி, ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோலக் கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. உச்சியில் உடைந்த கோட்டைச் சுவர் தெரிந்தது. பாதி உயரத்தில் குகை. குகைக்கு இருநூற்றுச் சொச்சம் படி, அங்கிருந்து கோட்டைக்கு இன்னும் நூறு. காணும் பொங்கல் கூட்டம் ஏற்கெனவே வந்திருந்தது. பைக்கில் வந்த இளைஞர்கள் சிலர் கோட்டைச் சுவர்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தட்சணாமூர்த்தி படிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேன் கதவைத் திறந்து மறுபடி உள்ளே உட்கார்ந்தார்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே படுத்துனு இருக்கேன்."

எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். தையல்நாயகிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "வந்ததே தண்டம்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

பாதி தூரத்தில், ஒரு வேப்பமரத்தடியில், சித்தார்த்தன் எல்லோரையும் நிறுத்தினான். கிழக்கே செங்குத்தாக இறங்கும் பாறையைக் காட்டினான். அதன் நெற்றியில் ஏழெட்டுத் தேனடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு, கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"மலைத்தேனீ. அது பாட்டுக்கு அது இருக்கும், நாம பாட்டுக்கு நாம போயிடணும். சத்தம் வேணாம். யாராவது பீடி சிகரெட் வச்சிருந்தா எடுக்காதீங்க. தலையில வச்ச பூவக்கூட எடுத்து முடிச்சுல கட்டிக்குங்க."

பெண்கள் பூவை எடுத்தார்கள். தையல்நாயகியும் எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

குகை வாசலில் தலையைக் குனிந்து, ஒவ்வொரு ஆளாகத்தான் நுழைய வேண்டும். நுழைந்துவிட்டால் உள்ளே ஒரு சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு இடம். வயர் இழுத்து நாலைந்து பல்பு போட்டிருந்தார்கள். வௌவால் நாற்றம் லேசாக இருந்தது. சுவரில் காவி நிறத்தில் மான்கள், கொம்புள்ள ஒரு மாடு, கையைக் கோத்துக்கொண்டு நிற்கும் குச்சி மனிதர்கள். சித்தார்த்தன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினான். யார் வரைந்தது, எதைக் குழைத்து வரைந்தது என்றெல்லாம் சொன்னான்.

தையல்நாயகிக்குப் படங்களைவிட அந்த இருட்டுதான் பிடித்திருந்தது. உப்பளத்து வெளிச்சம் மேலிருந்தும் அடிக்கும், கீழே உப்பிலிருந்தும் அடிக்கும். இருபத்தாறு வருடமாகக் கண்ணைச் சுருக்கியே பழகியவள். அந்தக் குகைக்குள் வந்து நின்றபோது கண் தானாக விரிந்தது. யாரோ ஈரத்துணியை மேலே போட்டதுபோல இருந்தது. அந்த ஆளையும் கையைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றிக் கூட்டி வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவருக்கும் கண் எரிச்சல் உண்டு. தினமும் சாயங்காலம் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொள்வார்.

மேலே கோட்டைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. வெடி என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். கல்லெறிந்தார்கள் என்றார்கள் சிலர். பருந்து வந்து அடையைக் கொத்தியது என்றும் பேச்சு இருந்தது. எது உண்மை என்று கடைசிவரை தெரியவில்லை. முதலில் ஆட்கள் கத்துவது கேட்டது. பிறகு ஓடுகிற சத்தம். அதற்கப்புறம் கேட்ட சத்தம் எந்த மனிதனுடையதும் இல்லை. அரவை மில்லுக்குள் நிற்பதுபோல, காதிலும் பல்லிலும் ஒரே நேரத்தில் உறுமியது.

சித்தார்த்தன் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். அதே வேகத்தில் பின்வாங்கினான்.

"லைட்ட அணைங்க. யாரும் வெளிய வரக் கூடாது. பொடவை, துண்டு, எது இருந்தாலும் குடுங்க."

மேரிசெல்வி தன் சேலையின் மேல்பாதியைக் கிழித்து வாசலில் திணித்தாள். இன்னொருத்தி சால்வையைக் கொடுத்தாள். ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் வாசல் அடைபட்டது. உள்ளே வந்துவிட்ட பத்திருபது தேனீக்களைச் செருப்பால் அடித்தார்கள். இரண்டு பேருக்குக் கையில் கொட்டு. எல்லோரும் இருக்கிறார்களா என்று சித்தார்த்தன் எண்ணினான். வேனில் உட்கார்ந்தவரைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

அந்த ஆள் வராததும் நல்லதுதான் என்று தையல்நாயகிக்கு அப்போது தோன்றியது. வேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டிரைவரோடு உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். வாசலோரம் ஒரு இடத்தில் மட்டும் சிக்னல் வந்தது. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"கண்ணாடிய ஏத்திக்கினியா?"

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இன்னாயா, வண்டிக்குள்ளதான இருக்க?"

"இல்ல தையலு. மேல வந்துட்டிருந்தேன்."

"மேலன்னா?"

"வேப்பமரம். அதும் பக்கத்துல ரெண்டு பாறை. நடுவால உக்காந்துகிறேன்."

வேப்பமரத்திலிருந்து குகைக்கு நூறு படிதான். வரும்போது அவள் எண்ணிக்கொண்டே வந்திருந்தாள்.

"கீழ ஓடு. துண்டத் தலையில போட்டுக்குனு ஓடு."

"எறங்க முடியல. முட்டி..." பேச்சு நின்று, தும்முவதுபோல ஒரு சத்தம் வந்தது. "வாயிக்குள்ள பூடுது."

"வாயத் தொறக்காத. பேசாத. நான் வர்றேன்."

"நீ வராத" என்றார். அதைத் தெளிவாகச் சொன்னார். "உள்ள இரு. வராத."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்த உறுமல் கேட்டது. வாசலில் கேட்ட அதே உறுமல், போனுக்குள்ளிருந்தும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள். ரிங் போயிற்று. எடுக்கவில்லை.

அவள் வாசலில் திணித்திருந்த துணியைப் பிடுங்க ஆரம்பித்தாள். சித்தார்த்தன் அவள் இரண்டு கையையும் பிடித்தான்.

"அக்கா, நான் போறேன். நீங்க இருங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

சாப்பிட உட்காருவதற்குக் கொண்டுவந்த ஜமுக்காளத்தைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டான். கண்ணுக்கு மட்டும் இடுக்கு விட்டு, துணியை விலக்கி வெளியே குதித்தான். அவன் காலடிச் சத்தம் பதினைந்து இருபது படி வரைக்கும் கேட்டது. பிறகு ஒரு அலறல். உருண்டு எழுந்து, ஜமுக்காளத்தைப் பாதி இழுத்துக்கொண்டு, குகைக்குள் வந்து விழுந்தான். கண்ணிமை, காது, உதடு எங்கும் தேனீ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜமுக்காளத்தின் மடிப்புகளுக்குள்ளிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தன. பெண்கள் அலறி மூலைக்கு ஓடினார்கள். எல்லாவற்றையும் மிதித்துக் கொன்று, வாசலை மறுபடி அடைப்பதற்குள் ஏழு பேருக்குக் கொட்டிவிட்டது.

சித்தார்த்தன் வாசலோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒரு கண் அப்போதே மூடிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்கும் நூற்றெட்டுக்கும் போன் போட்டு, படியெண் முதற்கொண்டு விவரம் சொன்னான். வந்துகொண்டிருக்கிறார்கள், வழியெல்லாம் பொங்கல் கூட்டம் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"முடியலக்கா" என்றான்.

தையல்நாயகி தானே ஜமுக்காளத்தை எடுத்தாள். இந்தமுறை யாரும் விடவில்லை. மேரிசெல்வி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வேறு இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். சித்தார்த்தன் வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தான். அவன் கையை அவள் நகத்தால் கீறினாள். ரத்தம் வந்தது. அவன் நகரவில்லை.

"ஆம்பள போயே வர முடியல. நீ போயி இன்னா பண்ணப் போற?" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர். "துணியைத் தொறந்தா இங்க இத்தினி உசுரு இருக்குதும்மா."

"அங்க ஒண்ணு இருக்குதே" என்றாள்.

அவள் சொன்னது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் சொன்னது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. உப்பளத்தில் பாம்பு பிடுங்கினவனை அவள் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். புயலில் கூரை பறந்தபோது மகளைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடந்திருக்கிறாள். அப்போதெல்லாம் செய்வதற்கு ஏதாவது ஒன்று இருந்தது. இப்போது நூறு படிக்குக் கீழே அவர் இருந்தார். அவளுக்கு இரண்டு கை, இரண்டு கால், நல்ல பலம் எல்லாமும் இருந்தன. ஒன்றும் உதவவில்லை.

துணியடைப்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கூப்பிடுவதுபோல இருந்தது. "கேக்குதா?" என்று மேரிசெல்வியைக் கேட்டாள். மேரிசெல்வி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கவனித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொய் சொல்கிறாளோ என்றும் தையல்நாயகிக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் போட்டாள். முதல் ஆறேழு தடவை ரிங் போயிற்று. பிறகு அதுவும் போகவில்லை.

வந்ததே தண்டம் என்று சொன்னது, இருட்டில் அவளுக்கே திரும்பத் திரும்பக் கேட்டது. அதனால்தான் ஏறியிருக்கிறார். படிக்குப் படி முட்டியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, நூறு படி. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் வேனில் தூங்கிக்கொண்டிருப்பார். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது மணி ஒன்றரை. தலை முழுக்க வலையும் கனத்த உடுப்புமாக நாலு பேர், வைக்கோல் பந்தங்களில் புகையைக் கிளப்பிக்கொண்டு ஏறி வந்தார்கள். வாசலுக்கு வெளியே அவர்கள் குரல் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்விக்கு ஒருவர், "எடுத்துட்டம்மா, கீழ கொண்டு போயிட்டாங்க" என்றார். உயிர் இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. புகைக்குள்ளே குனிந்து குனிந்து, புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு, இருநூறு படியையும் ஓடியே இறங்கினாள். வேப்பமரத்தடியில் அவருடைய ஒரு செருப்பு கிடந்தது. அதை எடுக்க நிற்கவில்லை.

ஆம்புலன்சில் கிடந்தவரை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் என்று ஒன்று இல்லை. கண்ணும் மூக்கும் வீக்கத்துக்குள் புதைந்திருந்தன. வேட்டியை வைத்துத்தான் தெரிந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே புதுச்சேரி வரைக்கும் போனாள். தொடக்கூட முடியவில்லை. தொட்ட இடமெல்லாம் கொடுக்கு.

ஆஸ்பத்திரியில் முந்நூறுக்கு மேல் கொடுக்கு எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்து கிட்னியைத் தாக்கியிருக்கிறது, டயாலிசிஸ் செய்ய வேண்டும், மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து இரண்டாவது தடவையும் சொன்னார். அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டிருந்தது. செய்வதற்கு ஏதாவது சொல்வாரா என்றுதான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிய இருங்கம்மா" என்றார் கடைசியில்.

வெளியே இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில் வேலை செய்யும் மகள் பூங்குழலி வந்து சேர்ந்தாள். கண்ணாடிக் கதவில் கையளவு ஒரு சதுரம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கட்டில் காலும் அதற்கப்பால் ஒரு மெஷினும் தெரியும். ஆள் தெரியாது. அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தார்த்தன் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். அவன் முகமும் வீங்கித்தான் இருந்தது. நடைபாதையின் கோடியில், இவர்கள் பக்கம் வராமல், சுவரோரம் நின்றான். பூங்குழலி எழுந்து போய் அவனிடம் கத்தினாள். படி ஏற முடியாத ஆளை எதற்காகக் கூட்டிப்போனாய், தேனீ இருக்கிற இடம் என்று தெரிந்தும் எதற்காகப் போனாய் என்று கேட்டாள். அவன் நின்றவாக்கில் கேட்டுக்கொண்டான். அவன் முழங்கையில் தன் நகம் கீறிய நாலு கோடு காய்ந்திருப்பதைத் தையல்நாயகி பார்த்தாள். இவன் பிடிக்காமல் விட்டிருந்தால் தானும் அங்கே கிடந்திருப்போம் என்று தெரிந்தது. பிடித்தானே என்ற ஆத்திரமும் போகவில்லை. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் அதற்குத்தான் அழுதான்.

நாலாவது நாள் தட்சணாமூர்த்தி கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார். டாக்டரே அதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் பேச்சில் தெரிந்தது. ஆனால் கிட்னி சரியாகத் திரும்பவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார்கள். சிலருக்குத் திரும்புமாம், சிலருக்குத் திரும்பாதாம்.

மாசி போய்ப் பங்குனியும் பிறந்துவிட்டது. உப்பு நன்றாக விளையும் காலம். வாரத்தில் நாலு நாள் தையல்நாயகி பாத்திக்குப் போகிறாள். அவருடைய இடத்தில் வேறொரு ஆள் உப்பு வாருகிறார். செவ்வாயும் வெள்ளியும் அவரை பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகிறாள். இருபத்தாறு வருடத்தில் இல்லாத அளவுக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். இளைத்துவிட்டார். தோல் கறுத்துவிட்டது. வலது கண்ணில் பார்வை மங்கல். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்துகொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய முதலியார்சாவடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"நீ எதுக்கு மேல ஏறின?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கேள்வி காதில் விழவில்லையோ என்று நினைத்தாள்.

"வண்டியில வெக்கையா இருந்துது" என்றார்.

தையல்நாயகி அவர் முகத்தையே பார்த்தாள். தை மாதக் காலை நேரம். வேன் நின்றது புளியமரத்து நிழலில். டிரைவர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியதாகச் சொல்லியிருந்தான். ஆனால் வெயில் திரும்பி வேன்மேல் அடித்திருக்கவும் கூடும். அடிக்கவில்லை என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது.

"நெசமாவா?"

"பின்ன இன்னா. ஃபேன் கூட இல்ல அந்த வண்டியில."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மனசு ஆறுவதற்காகச் சொன்னாரா, இல்லை அதுதான் நடந்ததா என்று அந்தப் பிடரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பஸ் நின்றது. மீன் கூடைக்காரிகள் நாலைந்து பேர் ஏறினார்கள். நெரிசலில் அவர்மேல் யாரும் இடித்துவிடாமல் இருக்க, அவள் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அவர் கை சீட்டின்மேல் கிடந்தது. அதன்மேல் தன் முந்தானையைப் போட்டு மூடினாள். ஆஸ்பத்திரி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.